வடக்கே களப்பு

உறுதியை ஸ்கான் செய்யத்தான் வந்தாள் ஜெஸீமா,
கிண்ணியா பஸ்ஸில், பிளாஸ்டிக் பைலை வயிற்றோடு அணைத்து.
நாளைக்குள் கச்சேரியில் கொடுக்க வேண்டுமாம்.
கடல் ஊருக்குள் வந்த வருடம் நனைந்து
கூரைத் தகரத்தில் காயவைத்த கட்டு.
மூன்றாம் தாளின் முதுகில்
வேறொன்று ஒட்டிக் கிடந்தது.

கேத்தில் ஆவி, பல்குச்சி,
முக்கால் மணிநேரம், இரண்டு முறை மின்வெட்டு.
உரிந்து வந்தது ஒரு தபாலட்டை:
நிலத்துக்குக் கீழே ஒரு ரயில் நிலையம்.

வளைந்து போகும் மேடை. வெள்ளை ஓடு பதித்த சுவர்.
தொங்கும் விளக்குகளின் கீழே
தட்டுத் தட்டாய் வெளிச்சம்.
சவர்க்கார விளம்பரத்தில் ஒரு பிள்ளை சிரிக்கிறது.
தொப்பிக்காரர் நால்வர். ஒருவர் கையில் குடை.
'இவ்வளவு ஆழத்தில் குடை என்னத்துக்கு?'
மேலே மழையாக்கும் என்றேன்.
கோச்சி இல்லை.
தண்டவாளம் மட்டும் கறுப்பு வாய்க்குள் போகிறது.

நிலையத்தின் பெயர்ப்பலகையை
இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.
ஆனால் உறுதியின் மை சுவரில் இறங்கியிருந்தது
இடம் வலம் மாறி.
என் கைப்பைக் கண்ணாடியை எதிரே பிடித்தோம்:
வடக்கே களப்பு.
கிழக்கே ஆதம்பாவா வளவு.
தெற்கே வாய்க்கால்.
மேற்கே முடிக்குரிய காடு.
தொப்பிக்காரர் நால்வரும்
அடுத்த கோச்சி கிண்ணியாவுக்கா என்று
அதைத்தான் வாசித்துக்கொண்டு நிற்கிறார்கள் போல.

பின்பக்கம் பென்சிலில் அரபுத்தமிழ்.
எனக்கும் தெரியாது, அவளுக்கும் ஓடவில்லை.
போனில் பிடித்து ஊர் ஹஸரத்துக்கு அனுப்பினாள்.
தேநீர் ஆறுமுன் குரல் வந்தது:
'கீழே மழை இல்லை. சூரியனும் இல்லை.
சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தொழுகிறேன்.
மேட்டு வயலை...'
அதற்கு மேல் எழுத்தில்லை, தண்ணீர் கொண்டுபோய்விட்டது
என்று சொல்லி ஹஸரத் இருமினார்.

மேட்டு வயலை விற்காதே என்றா?
விற்று, கடனை அடை என்றா?
ஜெஸீமா திரும்பத் திரும்பப் போட்டாள்.
எத்தனை தரம் கேட்டாலும்
அந்த இடத்தில் இருமல்தான்.

எனக்கு, நிலத்துக்குக் கீழே என்றால் பங்கர்.
பனங்குற்றி, மண்மூட்டை, ஒன்பது பேர்,
சம்பூரில், என் பதினொராவது வயதில்.
அங்கேயும் காத்துத்தான் இருந்தோம்,
வருவது வராமல் போகட்டும் என்று.
சுவர் ஈரமாயிருக்கும். விரலால் பெயர் எழுதுவேன்.
காலையில் பெயர் வழுகிக் காலடிக்கு வந்திருக்கும்.
கீழே வெள்ளை ஓடு பதிக்கலாம்,
குடையோடு நிற்கலாம்,
சவர்க்காரம் விற்கலாம் என்றெல்லாம்
யாரும் சொல்லித் தரவில்லை.

திரையில் பெரிதாக்கினேன்.
மேடையின் கடைசியில் ஒரு புகை.
ஆள்தான். படம் பிடித்து முடியுமுன்
நகர்ந்துவிட்டவன்.
கையில் நீளமாய் ஏதோ, துடைப்பமோ கொடிக்கம்போ.
சும்மா நின்ற நால்வருக்கும் மீசை வரை தெரிகிறது.
'அதுதான் அவர்' என்றாள் ஜெஸீமா.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
பெயரும் அவளுக்குத் தெரியாது.
உம்மாவின் வழியில் யாரோ கப்பலில் போனதாம்,
திரும்பியதாக எவரும் சொன்னதில்லையாம்.

வெடிப்பை மூடினேன். கறையை எடுத்தேன்.
சுவரின் எழுத்தில் கைவைக்கும்போது தடுத்தாள்:
'அதை விடுங்கோ.
உறுதியில் மேற்கு எல்லை அழிஞ்சுபோச்சு.
இதில்தான் இருக்கு.'
பார்த்தேன். உண்மைதான்.
மூன்றாம் தாளில் மேற்கு இல்லை.
அது ஒட்டிப்போய்
ஒரு ரயில் நிலையத்தில் நிற்கிறது.

எட்டுத் தாளுக்குக் காசு வாங்கினேன்.
தபாலட்டைக்கு வேண்டாம் என்றேன்.
அவள் கேட்கவில்லை, நூறு ரூபாயை
கீபோர்டின் கீழே செருகிவிட்டு ஓடினாள், கடைசி பஸ்.

கொழும்புக் கோச்சி இரவு கூவிப் போனது,
கடலோரத்திலிருந்து, முழுக்க நிலத்தின் மேலே.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவள் எனக்கும் அனுப்பியிருந்த குரலைப் போட்டேன்.
மேட்டு வயலை...
இருமல்.
அதற்குப் பிறகும் நான்கு விநாடி ஓடுகிறது,
பகல் முழுக்க நாங்கள் கவனிக்கவேயில்லை.
ஹஸரத்தின் தகரக் கூரையில்
மழை.