இரண்டு மணி ஐம்பது நிமிடம்

கோலாலம்பூரிலிருந்து தாவாவ்
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் இரண்டு மணி ஐம்பது நிமிடம்.
டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
காகிதத்தை நம்பி எனக்குப் பழக்கமில்லை.
பகாவ் பாமாயில் மில்லில் எடைப்பாலம் பார்ப்பவன்.
லாரிக்காரன் நீட்டும் சீட்டைப் படித்துவிட்டுத்
திரை சொல்வதைத்தான் எழுதுவேன்.

மூன்றேகாலுக்கு எழுந்துவிட்டாள் இந்திரமலர்.
கோலாபிலா வளைவுகளில் ஒன்றும் பேசவில்லை.
சிரம்பான் தாண்டும்போது
"கேஸை மூடினேனா?" என்றாள்.
விமான நிலையம் வரை இரண்டு மணி,
வரிசைகளில் இரண்டு.
அந்தப் பக்கம் இறங்கியதும்
சொந்த நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பு,
எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஒரு கேள்வி.
பிறகு பள்ளிக்கூடத்து ஹைலக்ஸ், செம்மண் பாதை,
மழை இல்லையென்றால் மூன்று மணி.
வழி நெடுக இங்கே இருக்கிற அதே செம்பனைதானாம்.
"இதுக்கு ஏன் அவ்வளவு தூரம் வந்தேன்னு
மரத்துக்கே வெளங்கல" என்று
முதல் தடவை போனபோது எழுதியிருந்தாள்.

எங்கள் தொழிலில் கணக்கு சுலபம்.
குலையோடு ஒருமுறை நிறு,
கொட்டிவிட்டு வரும்போது ஒருமுறை நிறு,
கழி. மிச்சம்தான் சரக்கு.
இதில் எதிலிருந்து எதைக் கழிப்பது?

போன ஞாயிறு மில் ஓடவில்லை.
கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி,
நெத்திலி சம்பல் போத்தலை
வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.
"என் தராசுக்குக் கொண்டு வா" என்றேன்.
அறுபது டன் தாங்கும் பாலத்தின் நடுவில்
நீலப் பையைத் தனியாக வைத்தோம்.
சுழியம்.
"இருபது இருபதாத்தான் எண்ணும்,
சின்னதுக்கெல்லாம் அதுக்குக் கண்ணு தெரியாது."
பையை இறக்கிவிட்டு அவள் ஏறினாள். அறுபது.
நான் ஏறினேன். எனக்கும் அறுபது.
"பொய் சொல்லுது, நீ என்னைவிட குண்டு" என்று சிரித்தாள்.
அப்புறம் பையோடு இரண்டு பேரும் நின்றோம்.
எட்டிப் பார்த்தால் நூற்று நாற்பது.

அறுபதும் அறுபதும் சுழியமும்.
இருபது எங்கிருந்து வந்தது?

கணக்கு டீச்சர் அல்லவா,
கிட்டிய பத்து, கிட்டிய நூறு என்று
சாக்பீஸ் இல்லாமலே பாடம் எடுத்தாள்.
விட்டுப்போன துண்டுகள் எல்லாம்
ஒன்றாகச் சேர்ந்தால் தெரிய ஆரம்பிக்குமாம்.
தலையாட்டினேன்.
அவள் காதோரம் ஒட்டியிருந்த செம்பனைத் தூசியை
எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான்.
ஆறு பத்துக்குக் கூப்பிடுகிறாள்,
"இங்க வெயில் வந்துருச்சு."
பின்னால் பிள்ளைகள் சத்தம்.
இங்கே இன்னும் கும்மிருட்டு,
கேட்டுக்கு வெளியே லாரி விளக்குகள் வரிசையாக.
அவளுடைய காலை எனக்கு
ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும்,
டிக்கெட்டும் கேட்காமல்.

ராத்திரி மழை.
தண்ணீர் தேங்கினால்
யாரும் ஏறாத பாலமும் இருபது காட்டும்.
பொத்தானை அழுத்திச் சுழியமாக்கிவிட்டுத்தான்
அடுத்த லாரியை ஏற்ற வேண்டும், அது விதி.
ரஸாலி ஹாரன் அடிக்கிறான்.
திரையில் இருபது.
கை பொத்தான் மேல்தான் இருக்கிறது.