எது முன்னதோ அது

கண்ணாடி மூலையில் வெள்ளைச் சீட்டு:
அடுத்த ஆயில் மாற்றம்
பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம்,
எது முன்னதோ அது.

விஜயநகர் குறுக்குத் தெரு, தூண் எண் ஆறு.
ஞாயிறுதோறும் உறையை உருவி
பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைக்க
மாதம் அறுநூறு ரூபாய் எனக்கு.
மீட்டரைப் படம் எடுத்து
மெல்பர்னுக்கு அனுப்ப வேண்டும்.
ஏஸியில் கொஞ்சம் கண்மூடிக்கொள்வது
கணக்கில் வராது.

போன வருடம் ஓடியது
நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.
அதில் பாதி,
மழை எச்சரிக்கை வந்த இரவுகளில்
வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தி
தண்ணீர் வடிந்ததும் இறக்கி வந்தது.
மேம்பாலத்துக்கு அப்பால்
அதற்கு ஊர் தெரியாது.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு செல்வமேரி ஆயில்?
தேய்ஞ்சாத்தானே மாத்தணும்?"
வைஜயந்தி மேடம் கேட்டது நியாயமாகத்தான் பட்டது,
பீரோவில் கட்டாமலே வைத்திருந்த பட்டு
மடிப்போடு மடிப்பாய்க் கிழிந்தது
நினைவுக்கு வரும்வரை.

தரமணியில் நூருல்லா பாய்
பானட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திருகி
உள்பக்கம் விரல் வைத்துக் காட்டினார்.
ஆறிப்போன டீயின் ஆடை மாதிரி
வெளுத்த ஒரு குழம்பு.
"தண்ணி. காத்துல இருக்கிற தண்ணி.
நம்ம ஊர்ல டப்பாவுல உப்பு நிக்குதா, சொல்லு?"
எஞ்சின் நன்றாகச் சுட்டால் ஆவியாகிப் போய்விடுமாம்.
பத்து நிமிடத்தில் சுடாது,
வியர்க்க மட்டும் செய்யும்.

அப்போ ஞாயிறு ஞாயிறா நான் பண்ணினது?

"கெடுத்தது" என்றார்,
விரலைத் துணியில் துடைத்தபடி.
திட்டுவது போலக்கூட இல்லை.

முப்பத்தாறு மாதம்.
இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.
பழைய ஆயில் வடிந்து முடிக்க
ஒரு பீடி நேரம் ஆனது.
"மீட்டர் பாக்காத, காலண்டர் பாரு.
வருஷத்துக்கு ஒரு ஆயில்.
மாசம் ஒருக்கா கோவளம் வரைக்கும் விடு."

பில்லையும் மூடியின் படத்தையும் அனுப்பினேன்.
பணம் வந்தது. பதில் இல்லை.

இந்த ஞாயிறு ஈசிஆர்.
பாலவாக்கம் தாண்டும்போது
சூடு காட்டும் முள்
எனக்குத் தெரிந்து முதல் தடவையாக
நடுவில் வந்து நின்றது.
எஞ்சின் குரல் இறங்கியது,
அழுது முடித்த பிள்ளைக்கு இறங்குவது போல.
ஏஸியை அணைத்துக் கண்ணாடிகளைத் திறந்துவிட்டேன்.

இரவு மீட்டர் படம் போன ஐந்தாவது நிமிடம்:
"ஐம்பத்தெட்டு கிலோமீட்டரா? எதுக்கு?"

தண்ணி காயறதுக்கு, என்று எழுதினேன்.

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாய்
மூன்று புள்ளிகள்.

காரை உறை போட்டு மூடியாகிவிட்டது.
பிரேக்குக்குக் கீழே மிதியடியில்
கொஞ்சம் மணல்.
அதை நான் இன்னும் தட்டவில்லை.