சிட்டு வந்த நேரம்

வியாழன் இரவு எட்டரை.
மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
பழைய டிஷ் ஆன்டெனாவில் போனைச் சாய்த்து வைத்தால்
சிக்னல் மூன்று கோடு கிடைக்கும்.
கீழே எங்களுக்கு ஒரே அறை.
அங்கே நடப்பதை
இங்கே ஏறி வந்து சொல்கிறேன்,
சயான் கோலிவாடாவின் கொசுக்கள் சாட்சியாக.

சுஹாசினி மேடம் மைசூரில் இருக்கிறார்.
ஐம்பது நிமிடம், எண்ணூறு ரூபாய்.
அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.
முதல் நாள் எனக்குப் பிடித்தது அதுதான்:
ஒரு சாமி படம்கூட மாட்டாத சுவர்.

இந்தியா, இங்கிலீஷா என்று கேட்டார்.
இருபது வருஷமாய் இந்த ஊரில்
இந்தியில் பேரம் பேசுகிறேன், இங்கிலீஷில் மெயில் போடுகிறேன்,
கத்துவது மட்டும் தமிழில்.
அப்ப தமிழே பேசலாம் என்றார்.
அவர் தமிழ் ஓசூர் வரைக்கும் வந்து மூச்சு வாங்கும்.
அந்த இடைவெளியில் கன்னடம் வந்து உட்காரும்.

இரண்டாம் வாரம்:
"உங்களுக்கு சிட்டு எப்ப வரும்?"
சிட்டா?
இங்கே புறாதான் மேடம், ஏசி பெட்டி பூரா புறா,
சிட்டு பார்த்து எத்தனையோ...
நெற்றியில் தட்டிக்கொண்டார்.
"ஐயோ, எங்க பாஷையில அது கோபம்."
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் வாய்விட்டுச் சிரித்து வருஷமாகியிருந்தது,
தொட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரில்
காலை வைத்துக்கொண்டு நின்றதுகூடத் தெரியவில்லை.

சிரித்து முடித்தும் கேள்வியை அவர் விடவில்லை.
எழுதி வையுங்க. எப்ப வந்தது, எங்க உட்கார்ந்தது,
யாரைக் கொத்தியது.

மகளின் பழைய கணக்கு நோட்டில், பின்பக்கம்:

திங்கள், 7.50. ஜி.டி.பி. நகரில் இறங்க விடவில்லை. தோளில் உட்கார்ந்தது.
செவ்வாய். வரவில்லை.
புதன், 9.10. சாம்பாரில் உப்பு. தாடையில். கொத்தியது.
ஞாயிறு மதியம். காரணம் இல்லை. விரல் பத்திலும்.

தலையணை உறை மாற்றும்போது ஜெயராணி கையில் அது கிடைத்தது.
நின்றபடியே படித்தாள்.
"இந்த ஊர்ல சிட்டுக்குருவி ஏதுங்க?"
குரலில் இருந்தது கேலியா, பயமா,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் சீல் நம்பர் பார்ப்பதுதான் என் வேலை.
ஓர் எண் மாறியிருந்தாலும் நிறுத்திவிடுவேன்.

போன வாரம் ஏழாவது தடவை.
எட்டு நாற்பதுக்கு யாரோ மோட்டார் போட்டார்கள்.
தொட்டிக்குள் தண்ணீர் விழ ஆரம்பித்த நேரம்
திரையில் அவர் முகம் உறைந்தது,
ஒரு கண் பாதி மூடி, வாய் ஏதோ எழுத்தின் நடுவில்.
மேலே சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த முகத்திடம் சொன்னேன்:

ஒரு டம்ளரைச் சுவரில் எறிந்தேன்னு சொன்னேன் இல்லையா மேடம்,
அதோட முடியல.
நான் வாசலில் ஷூ கழற்றும் சத்தம் கேட்டதும்
ரோஷிணி எழுந்து போய்
மேடைமேல் இருக்கிற டம்ளரையெல்லாம் எடுத்து
பீரோவுக்குள்ள வச்சு மூடறா.
ஏழு வயசு. அவசரமே இல்லாம.
சொப்பு சாமான் எடுத்து வைக்கிற மாதிரி.
யாரும் சொல்லிக்கொடுக்கல.
முந்தாநாள் எனக்கு நாக்கு வறண்டு போச்சு,
டம்ளர் கேட்க வாய் வரல.
குழாயில வாய் வச்சுக் குடிச்சேன்.
அவ பார்த்துக்கிட்டே இருந்தா.

மோட்டார் நின்றது.
வட்டம் மறைந்து முகம் அசைந்தது.
"சாரி, கட் ஆயிடுச்சு. எங்க விட்டோம்?"

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் மாடியில் எங்கள் ஜன்னல் வெளிச்சம்
எதிர்க் கட்டடத்தின் பைப்புகள்மேல் விழுந்திருந்தது.
யாரோ அதைக் கடந்து போனார்கள்,
சின்ன நிழலா பெரிய நிழலா
இவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது.

இன்னும் முப்பது நிமிடம் இருந்தது.

"டம்ளர்ல, மேடம்" என்றேன்.