ஐந்து சதவீதம்

குழாயின் உள்விட்டம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
மோட்டார் முப்பத்தைந்து.
நடுவில் மிஞ்சுகிற மூன்றுக்கு
ஒரு பிளாஸ்டிக் வளையம் தருகிறார்கள்.
அதை ஞாயிறு முழுக்கத் தேடினோம்.
கட்டிலுக்கடியில், பெட்டியின் தெர்மகோலில்,
நான் குப்பைக்கூடையையே கவிழ்த்துவிட்டேன்.
செல்வினின் சட்டைப்பையில் இருந்தது.

ஹூடியில் ஒன்பதாவது மாடி,
கிழக்குப் பார்த்த படுக்கையறை.
"நல்ல வெளிச்சம் மேடம்" என்றார் தரகர்.
பொய் சொல்லவில்லை.

அவனுக்கு அமெரிக்கக் கணக்கு, விடியும்போதுதான் படுப்பான்.
எனக்கு ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்.
இருட்டில் துழாவி
குர்தாவை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு
மாரத்தஹள்ளி பாலம் வரை போயிருக்கிறேன்.
சங்கிலியை இழுத்தால்
தூக்கத்தில் பல் கடிக்கிற சத்தம்.
அந்தச் சத்தத்துக்கு விழித்து அவன் சொன்னதை
அவன் மறந்துவிட்டான்.

ஆகவே மோட்டார்.

மேல் எல்லை, கீழ் எல்லை
இரண்டையும் அதற்குக் கற்றுத்தர வேண்டும்.
பொத்தானை ஐந்து நொடி அமுக்கிப் பிடித்தால்
திரை இரண்டு முறை உதறும்.
புரிந்ததாம்.
கீழ் விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினேன்.
அவன் இறக்கினான்.
ஏற்றினேன்.
இறக்கினான்.
சூடேறி நின்றுகொண்டது மோட்டார்.
அரைமணி நேரம் யாருடனும் பேசவில்லை,
எங்களைப் போலவே.

"படுக்கையறை" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டால்
ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர்
வானிலை சொல்கிறது.
போகட்டும், விரல் இருக்கிறது.

அலுவலகத்தில், ஆப்பைத் திறந்தால்
ஒரு சாம்பல்நிறச் செவ்வகம்.
பூஜ்யம் என்றால் தூங்குகிறான்.
நூறு என்றால் எழுந்தாயிற்று, காப்பி போடுகிறான்.
நாற்பது என்றால் கணினித் திரையில் வெளிச்சம் கூசுகிறது.
எழுந்தாயா, சாப்பிட்டாயா என்று
நாங்கள் கேட்டுக்கொள்வதை நிறுத்தி
எட்டு மாதம் ஆகிறது.
சண்டையால் இல்லை.
தேவைப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை
காலை ஐந்து மணிச் செய்தி: லேசா காய்ச்சல்.
ஒரு மணிக்குப் பூஜ்யம்.
ஒன்றே முக்காலுக்கும் பூஜ்யம்.
போன் அடித்து ஓய்ந்தது, மூன்று தடவை.

கூட்டத்தில் ஹெக்டே
யாரை எல்லாம் வெளியே அனுப்புவது என்று
சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.
மேசைக்கடியில் விரலை வைத்தேன்.
ஐந்து சதவீதம்.

பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால்
அது இரைவது எனக்குக் கேட்காது.
அந்நேரம் அங்கே வெயிலும் கிடையாது,
எதிர்க் கட்டடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்
இரண்டாங்கை வெளிச்சம்தான்.
கட்டிலின் கால்மாட்டில்
ஒரு நாடா அகலத்துக்கு அது விழுந்திருக்கும்.

ஐந்து.
ஐந்து.
ஐந்து.
தண்ணீர் குடித்தேன்.
பூஜ்யம்!

சிரித்துவிட்டேன் போல.
ஹெக்டே பேச்சை நிறுத்திப் பார்த்தார்,
அந்தத் தலைப்புக்கு அந்தச் சிரிப்பு பொருந்தாது.
மறுபடி ஐந்து.
உடனே பூஜ்யம்.
பத்து கொடுத்தேன், பேராசை.
பூஜ்யம் போகிற வழியில்
திரையில் ஓர் அறிவிப்பு:
மோட்டார் சூடாகிவிட்டது. பிறகு முயலவும்.

ஏழில் நின்றிருந்தது.

ஏழு என்று ஓர் எண்ணை
நான் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.
அன்று சில்க் போர்டுக்கு அந்தப்புறம் யாரோ லாரியைக் கவிழ்த்து
ஊரே நின்றதில்
எட்டரைக்குத்தான் வீடு வந்தேன்.
விளக்கு போடவில்லை.
எதிர்க் கட்டடத்தின் சமையலறை வெளிச்சம்
ஏழு சதவீதம் வழியே வந்து
போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த
அவன் கால் கட்டைவிரலில் மட்டும் விழுந்திருந்தது.

தொட்டேன். சூடு இறங்கியிருந்தது.
நாற்காலியில் ஏறி
மோட்டாரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.