ஒன்றும் ஏழும்

மணலியிலிருந்து பதினான்கு உறைகள்.
ஒவ்வொன்றிலும் வதங்கிய ஒரு பிடி சிவப்புக் கீரை,
துளுக்காணம் பென்சிலால் போட்ட எண்.
அவர் கையில் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள்.
பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று முறை அலசினேன்.
மண் போய்விடும்.
நான் தேடுவது மண்ணை அல்ல.

இரண்டு நாள் உலர்த்தி, பொடித்து,
அமிலம் ஊற்றினால்
பழுப்புப் புகை கண்ணாடிக் கூண்டுக்குள் சுருண்டு ஏறும்.
கடைசியில் தெளிந்த நீர்.
சிவப்பில்லை, நரம்பில்லை.
கருவி அதை உறிஞ்சி
ஒரு வரி எண் துப்பும்.

ஒரே பாத்தி, ஒரே கால்வாய்த் தண்ணீர்,
ஒரே நாள் விதைப்பு, நடுவில் ஒரு சாண்.
ஒரு கீரை
காட்மியத்தை வேரோடு நிறுத்தியிருக்கிறது,
வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி
அப்படியே பேசி அனுப்பிவிடுபவர்களைப் போல.
இன்னொன்று
அதைத் துத்தநாகம் என்று நினைத்து
சமையலறைவரை கூட்டிப் போய்விட்டது.
இரண்டுக்கும் முகஜாடை ஒன்றுதான்.
தாகத்தில் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஒன்று, அவர் தன் பாத்தியில்
பதினோரு வருஷமாக எடுத்து வைக்கும் விதை.
ஏழு, நாங்கள் பொட்டலத்தில் கொடுத்தது.

போன் செய்தேன்.
"அண்ணா, மேல்கோடு வளைஞ்சா ஏழா, ஒண்ணா?"
லாரி போகும் சத்தம்.
"எதுல கம்மியா கீது மேடம்?"
நான் சொல்லக்கூடாது.
"மொதல்ல எண்ணைச் சொல்லுங்க."
"நீ மொதல்ல சொல்லேன்."

இரண்டு பேரும்
லைனில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.
ஹாரன். யாரோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார்கள்.
"வெதைய மாத்திக்கலாம்,"
என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை,
"அது ஒண்ணும் பெரிசில்ல."
பிறகு, "பார்த்து சொல்றேன்."
எதைப் பார்ப்பார்?

கிண்டி ஸ்டேஷன் வாசலில்
ஈரச்சாக்கின்மேல் கட்டுக்கட்டாகச் சிவப்பு.
எந்த ஊர்க் கீரை என்றேன்.
செங்குன்றம், என்றாள் அந்தப் பெண்.
மாலை ஆறுக்கு மேல்
இந்த ஊரில் எல்லாக் கீரையும் செங்குன்றம்தான்.

கடைந்து ஊற்றினால் சோறு ரோஸ் நிறமாகும்.
அந்த நிறத்துக்காகவே
என் மகள் இரண்டாம் முறை கேட்பாள்.
ஒரு கட்டைத் தூக்கி
வேர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
"பதினஞ்சு ரூபா. வாங்கறியா,
சும்மா பாக்கறியா?"

பைக்குள் போன் அதிர்ந்தது.
துளுக்காணம்.
கையில் கீரை.