கடனுக்கு ஒரு மிடறு

கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றுவது என் தொழில்.
கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்
குழாய்வழி திருகோணமலை வந்து
உள்துறைமுகத்தில் என் கையால் கப்பலேறும்.
மீற்றர் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன்:
நாற்பது தொன். ஐம்பது தொன்.
எனக்கு மட்டும் விடாய் இல்லை.

இரண்டு வருடம் முன்பு
நெற்றிக்குப் பின்னால் ஒரு இரத்தக்குழாய்
ஊதி வெடித்தது.
கண்டியில் மண்டை திறந்து கிளிப் போட்டார்கள்.
பெயர் திரும்பியது, கணக்குத் திரும்பியது,
பூங்கோதையின் கோபம்கூட
எதற்கென்று விளங்கியது.
விடாய் திரும்பவில்லை.

டொக்டர் நவரூபன் படம் கீறிக் காட்டினார்.
மூளைக்கு அடியில், கொட்டைப்பாக்களவில்
ஹைப்போதலமஸ்.
அதன் முன்வாசலில் சில செல்கள்.
இரத்தத்தில் உப்புக் கூடினால்
அவை வற்றலாய்ச் சுருங்கும்.
சுருங்குவதுதான் செய்தி.
மேலே ஒரு சொல் போகும்: குடி.
கீழே சிறுநீரகத்துக்கு ஒரு தந்தி போகும்:
உள்ளதை வெளியே விடாதே.
தந்திக்குப் பெயர் வாசோபிரசின்.
"உங்கட தலைக்குள்ள அந்தக் கந்தோர்
பூட்டிக் கிடக்குது" என்றார்.

தந்திக்குப் பதில் இப்போது
நாக்கின் கீழ் ஒரு வில்லை.
சொல்லுக்குப் பதில் போனில் அலாரம்.
விடிந்ததும் தராசில் ஏறுகிறேன்.
ஒரு கிலோ குறைந்திருந்தால்
ஒரு லீற்றர் கூட.
மீற்றர் பார்ப்பவனுக்கும் ஒரு மீற்றர்.

பசி அப்படியில்லை.
அது ஒருநாளும் லீவு போட்டதில்லை.
பன்னிரண்டரைக்கு வெறும் இரைப்பை
கிரெலினை ஏவிவிடும்,
பாரைமீன் பார்சல் அவிழும் முன்பே வாயூறும்.
கொழுப்புக்குள் இருந்து லெப்டின்
கையிருப்பு உண்டு, போதும் என்று முணுமுணுப்பதாம்.
கேட்கவில்லை.
பாரைமீன் முன்னால் யாருக்குத்தான் கேட்டது?

நோன்பு மாதம், பங்குனி வெயில்.
கிண்ணியா ரிஸ்கான் என்னோடு குழாய் இழுத்தான்.
மூன்று மணிக்கு அவன் உதடு வெளுத்தது.
குழாய்மூட்டின் கசிவை
ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று
வந்து நக்கியது.
அவன் பார்த்தான்,
பிறகு கடலைப் பார்த்தான்.

"விடாய் எப்படி இருக்கும்?"
கேட்கும்போதே வெட்கமாயிருந்தது,
ஒருகாலம் எனக்கும் இருந்ததுதானே.
கன நேரம் யோசித்தான்.
"தொண்டைக்குள்ள ஆரோ நிக்கிறான் அண்ணன்.
கதைக்கிறானுமில்ல, போறானுமில்ல."

பாங்கு கேட்டது.
ஒரு பேரீச்சம்பழம், பிறகு தண்ணீர்.
ஒரு மிடறுதான்.
கண் மூடினான். தோள் இறங்கியது.
நின்றவன் போய்விட்டான்.

டொக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது:
அந்தத் தண்ணீர் இன்னும் வயிற்றிலேயே கிடக்கிறது.
இரத்தம் அதே உப்பு,
செல்கள் அதே சுருக்கம்.
தொண்டை நனைந்த சேதி ஒன்றை நம்பியே
மூளை மணியை நிறுத்திவிடுகிறது.
வந்து சேராத தண்ணீருக்கு
முன்கூட்டியே ரசீது.
நான் கடைசித் தொன் ஏறும்வரை
ரசீது கிழிக்காதவன்.

என் அலாரம் அடித்தது.
ரிஸ்கான் போத்தலை நீட்டினான்.
குடித்தேன்.
தொண்டைக்குள் யாரும் இல்லை,
விலகிப் போகவும் யாருமில்லை.
அவன் என் முகத்தையே பார்த்தபடி,
"எப்பிடி?"

"குளிருது" என்றேன்.
அது பொய்யில்லை.