கரைப்பக்க வெயில்

அங்கப்ப நாயக்கன் தெருவில், மாடியில் என் மேசை.
கப்பல் சேதத்துக்கு மதிப்புப் போடுகிறவன் நான்.
இந்த நசுங்கல் போன மாதத்தியதா, போன பயணத்தியதா,
துரு சொல்லும். நான் கையெழுத்துப் போடுவேன்.

கல்மண்டபத்தில் லேத் வைத்திருக்கும் லூர்துநாதன்
சவேரியார் படத்தின் பின்னட்டையைப் பிரித்தபோது விழுந்ததென்று
நாலு புகைப்படம் கொண்டுவந்தான்.
நாலிலும் ஒரே போர்க்கப்பல், கரைக்குத் தள்ளி, நங்கூரத்தில்.
நாலின் முதுகிலும் ஒரே பென்சில்: ஏப்ரல் 42.
"இன்னா வருசம்னு கரீட்டா சொல்லிடு சார்,
ஃபிரேம் போட்டு அடியில எழுதணும்."

முதல் படத்தில் கொடிமரத்தின் உச்சி மொட்டை.
இரண்டிலும் மூன்றிலும் நங்கூரக் கண்ணுக்குக் கீழே
ஒரே துருவழிசல், மடக்கிய சுண்டுவிரல் மாதிரி,
அதே நீளம். ஒரே வாரம்.
நடுத்தளத்தில் பளுதூக்கி, அதனடியில்
துணி போர்த்திய குட்டி விமானம்.
சரி, நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டுதான்.

நாலாவதை லென்ஸுக்கு அடியில் தள்ளியது
சும்மா, டீ வரும்வரை.

விமானம் இல்லை. அது நின்ற இடத்தில் படகுகள்.
பெரிய பீரங்கி மேடையின் கூரையில்
கொசு உட்கார்ந்த மாதிரி சின்னத் துப்பாக்கிகள், எட்டு எண்ணினேன்.
கீழ்வரிசை வட்ட ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்தாயிற்று.
உச்சியில் மீன்முள்ளாய் ஒரு ஆண்டெனா.
ஒரே ராத்திரியில் யாரும் இத்தனையும் மாட்டுவதில்லை.
நாற்பத்து நாலு. பின்னே இருக்கலாம், முன்னே இல்லை.

சொன்னேன்.
அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

நான் கப்பலைப் பார்த்த நேரமெல்லாம்
அவன் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் நின்ற தோணியை.
கத்திரிக்காய்க் கூடைகள் நடுவே துடுப்போடு நிற்பவர்
சவரிமுத்து, அவன் அம்மாவின் அப்பா.
குண்டு விழும் என்று பட்டணமே ரயிலேறிய அந்த ஏப்ரலில்
கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.
பதினோராம் தேதி, வருசா வருசம், ராயபுரம் கோயிலில் பூசை.

நாலாவதில் வேறு தோணி. மீசை இல்லை.
இடது காதுமடல் மட்டும்
முன் மூன்றிலும் போலவே கிழிந்து.

"அவர்தானா சார்?"
தகட்டுக்கு வயசு சொல்வேன்.
ஆளுக்கு நான் சர்வேயர் இல்லை.

படத்தைத் திருப்பினேன். இதில் மட்டும்
பென்சில் அழுந்தி, அட்டை பள்ளமாகியிருந்தது,
அழித்த ஏதோ ஒன்றின் மேல்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

"அப்போ பூசைக்குத் தேதி?"

திரும்ப லென்ஸ்.
பீரங்கியின் நிழல் கடல் பக்கம் நீள்கிறது.
கரைப்பக்கத் தகடு முழுக்க வெயில்;
இந்த ஊரில் அது மத்தியானத்துக்கு மேல்தான்.
மாலுமிகள் சட்டையில்லாமல். ஆனால் வெள்ளைக்காரன்
மார்கழியிலும் இங்கே சட்டை கழற்றுவான்.
மாதம் தெரியவில்லை, நாள் தெரியவில்லை.

மூன்று படத்தை எடுத்துக்கொண்டு போனான்.
நான் வேண்டாம் என்றும் இருநூறு ரூபாய் வைத்தான்.
நாலாவது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்,
கரண்டு பில் ரசீதுக்குப் பக்கத்தில்,
அவனுக்கென்று எழுதிக் கொடுக்காத துண்டுச்சீட்டோடு:
நாற்பத்து நாலுக்கு முன் அல்ல.
மணி சுமார் நாலு.
உயிரோடு.